படத்துல இல்லாத சட்டை

இல்லண்ணே, நான் அவுக்கல. எத்தன தடவ கேட்டாலும் இதுதான் பதில். சட்டைய நான் அவுக்கல, எவனும் அவுக்கச் சொல்லவும் இல்ல. வேதபுஸ்தகத்துல கைய வெச்சுச் சொல்லட்டான்னா அதுக்கும் நீ ஒரு வசனம் எடுத்து வெச்சிருப்ப, உபதேசியார்லா. நாலு பக்கம் கடுதாசி எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு, கெத்சியாள்னு ஒரு தங்கச்சி லண்டன்ல கெடக்காளே, குளிருக்கு என்ன செய்தான்னு ஒரு வரி கேக்கத் தெரியல. படத்துக்கு அடியில இங்கிலீஷ்ல போட்டிருக்கத எனக்கே தமிழாக்கி வேற எழுதியிருக்க, தென்னிந்தியாவின் இளம் விதவை உதவி வேண்டிக் கரம் நீட்டுகிறாள்னு. விதவையாம். கல்யாணமே ஆவல, நான் எவனுக்கு விதவ? ஊரக் கூட்டிச் சிரிக்க வேண்டிய எடம் அது. நீ அதத் தாண்டிப் போயி தோள்பட்டையில நிக்க. தோள்ல துணி இல்ல, தோள்ல துணி இல்லன்னு பக்கத்துக்குப் பக்கம். சரி, பாத்துட்ட. மிஷன் பங்களா மிஸ்ஸியம்மாவுக்கு லண்டன்லேருந்து கட்டுக் கட்டாப் படப்பத்திரிக வருது, அதுல இந்த வீக்லி லேன்டர்னும் வருது, அதுல உன் தங்கச்சி சட்டையில்லாம, மூக்குக்கண்ணாடி இல்லாம, முக்காடு போட்டுக்கிட்டுக் கைய நீட்டி நிக்கா. மிஸ்ஸியம்மா பாத்து, அவிய வீட்டு ஆயா பாத்து, ஞாயித்துக்கிழமைக்குள்ள நாகர்கோவில்ல சபை பூராப் பாத்தாச்சு. அம்மை மூணு ஞாயிறா ஆராதனைக்கு வரலன்னு எழுதியிருக்க. நாலு பக்கத்துல அந்த ஒரு வரிதான் எனக்கு உள்ள எறங்கிச்சு. மத்ததெல்லாம் கோவம். கோவம் எங்கிட்டயும் வேண்டிய மட்டும் இருக்கு, கேட்டியா. ஆனா கையெழுத்து? வருசா வருசம் கிறிஸ்மசுக்கு முன்னால வீட்டு ஆம்பளன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புனாத்தான் மிஷன் கமிட்டி என்ன அடுத்த வருசம் டாக்டர் படிப்புல விடும். அத அனுப்பல. அடுத்த கப்பல்ல ஏறி வான்னு அனுப்பியிருக்க. மனுச ஒடம்புல உள்ள எலும்ப ஒண்ணொண்ணாப் பேர் சொல்லிப் படிச்சவ, ஒரு சட்டைக்காகக் கப்பல் ஏறணுமாம். அதுவும் நான் போட்டிருந்த சட்டைக்காக.

அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன். ஸ்டிராண்டு ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்து, சந்துக்குள்ள மூணு மாடிக் கட்டடம், கீழ மிசின் ஓடுற சத்தத்துல பெஞ்சு அதிருது, ஜன்னலுக்கு வெளிய மஞ்சமஞ்சேர்னு மூட்டம், காலைல பத்து மணிக்கு லாந்தரக் கொளுத்தி வெச்சிருக்கான். நனஞ்ச கம்பளியும் மையும் சேந்து நாறுது. டைப் அடிக்கிற பிள்ள ஒருத்தி இருக்கா, மிஸ் கிரிம்ஷான்னு பேரு, என் வயசுதான் இருக்கும், மூக்கு நுனி சிவந்து கெடக்கு. எடிட்டரப் பாக்கணும்னேன். முன்கூட்டி எழுதிக் கேட்டீங்களான்னா. அவரு எம்படத்தப் போடுறதுக்கு முன்கூட்டி எழுதிக் கேட்டாரான்னேன். உக்காருங்க மிஸ், சொல்லிப் பாக்கேன்னு உள்ள போனா. போயி இப்ப அரமணிக்கூர் ஆச்சு. எதுத்த பெஞ்சுல ஒரு கெழவன், மடியில ஒரு நாய்க்குட்டி, நாய்க்கு மூக்குக்கண்ணாடி மாட்டி விட்டிருக்கான். சத்தியமாண்ணே, வயர்ல செஞ்ச கண்ணாடி. "இவன் பேப்பர் படிப்பான் மிஸ், அதுக்குத்தான் படம் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க." "எந்தப் பேப்பர் படிப்பான்?" "லேன்டர்ன் மட்டும்தான்." "அப்ப அவனுக்கு இன்னும் புத்தி வரல." கெழவன் நான் வெளாட்டுக்குச் சொன்னேன்னு நெனச்சு தொடையில அடிச்சுச் சிரிக்கான். எனக்குச் சிரிப்பு வரல. நாய்க்குக் கண்ணாடிய மாட்டுற பத்திரிகக்காரன் எனக்குக் கண்ணாடியக் கழட்டிட்டான், பாத்தியா. ரெண்டும் ஒரே வேலதான், வாங்குறவனுக்கு எது தமாசோ அது, எது பாவமோ அது. நாயி பாவம், கண்ணாடிக்குள்ள முழிக்குது, கழட்டி விடச் சொல்லி என்னையே பாக்குது. என்னைப் பாத்து என்ன பிரயோசனம் மக்கா, எனக்கே வழியில்ல.

அன்னைக்கு என்ன நடந்துதுன்னு கேக்க மாட்டியே நீ. ஜூன் மாசம், மிஷன்காரங்க ஒரு பெரிய ஹால்ல கண்காட்சி வெச்சாங்க, சைனாவுக்கு ஒரு கடை, ஆப்பிரிக்காவுக்கு ஒரு கடை, நம்மளுக்கு ஒரு கடை. நம்ம கடையில நாகர்கோவில் ரேந்த, இவங்க லேஸ்ங்கிறது. அம்மையும் மத்த பெண்டுகளும் தலகாணி மேல ஊசியக் குத்தி, கட்டைய உருட்டி உருட்டிப் பின்னுன பூவேல எல்லாம் அங்க தொங்குது. நீ வந்து நின்னாத்தான் விக்கும்னாங்க, போயி நின்னேன். வெள்ளச் சேல. நம்ம பக்கத்துல கோவிலுக்கு வெள்ள, பண்டிகைக்கு வெள்ள, கல்யாணத்துக்கும் வெள்ளதான், அத உனக்கு நான் சொல்லணுமா? இருக்குறதுல நல்லது அதுதான்னு கட்டிட்டுப் போனேன். நீளக்கை சட்டை, தோள்லேருந்து மணிக்கட்டு வர ரேந்த, அம்மை நான் கப்பலேறுறதுக்குப் பின்னுனது. கண்ணாடி போட்டிருந்தேன், தலையில முக்காடு. கக்கத்துல பை, பைக்குள்ள படிக்கிறதுக்கு வாங்கிட்டு வந்த தொட எலும்பு ஒண்ணு பேப்பர்ல சுத்தி இருந்துது. ஒரு சீமாட்டி வந்தா, கையில ரொட்டியும் ஜாமும், அந்த ஜாம் வெரலோட ரேந்தையத் தூக்கப் பாத்தா. அம்மா, ஜாம் கையால தொடாதீயன்னு சொல்லிக் கைய நீட்டுனேன். அந்த நேரத்துலதான் எவனோ படம் புடிச்ச வெளிச்சம் பளிச்சுனு வந்துது. அதாண்ணே அந்தக் கை. உதவி வேண்டி நீட்டுன கரம், ஜாமத் தள்ளி விடுற கரம். அந்த சீமாட்டி படத்துல எங்க? அவ இல்ல. அவ ரொட்டி இல்ல. கை மட்டும் அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்கி.

ஆனா சட்டை? அதுதான் எனக்கே புரியல. ஒங்கிட்ட ஒரு உண்மையச் சொல்லட்டா, உன் கடுதாசி வந்த அன்னைக்கு நான் பொட்டியத் திறந்து அந்தச் சட்டைய எடுத்துப் பாத்தேன். இருந்துது. இருந்தும் தோள்பட்டையத் தடவித் தடவிப் பாத்தேன். இது எவனோ கையால வரஞ்ச படமா இருந்தா நீயும் நம்பியிருக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஞாபகம் இருக்கா, சின்னதுல இதே மாரி ஒரு பத்திரிகையில நம்ம தேர்த்திருவிழாவுக்குப் படம் வரஞ்சு, தென்னமரத்துக்குக் கீழ ஒட்டகத்தக் கட்டி வெச்சிருந்தான். நாகர்கோவில்ல ஒட்டகம்! நீயும் நானும் வடசேரி சந்தைக்குப் போற வழியெல்லாம் லே ஒட்டகத்தப் பாத்தியா, ஒட்டகம் என்ன வெல சொல்லுதான்னு கேட்டுக்கேட்டு வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஆனா இது வரஞ்சதில்ல, போட்டோ, போட்டோவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு எழுதியிருக்க. அந்த எடத்துல நானும் தடுக்கி விழுந்தேன். போட்டோதான். என் மூக்குதான், என் கட்டவெரல் கோணலுதான், நீ கதவுல நசுக்குனியே அதே வெரலு. அப்ப தோளு எப்பிடி வந்துது? எங்க ஆஸ்பத்திரியில இருட்டு ரூம்ல ஒரு மிசின் இருக்கு, தோலு சதையெல்லாம் விட்டுட்டு எலும்ப மட்டும் கண்ணாடித் தட்டுல காட்டும். அத ஒரு நாள் பாத்துட்டு வந்து ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தேன், எலும்ப மட்டும் காட்டத் தெரிஞ்சவனுக்குத் துணிய மட்டும் உரிக்கத் தெரியாதா, தோலக் காட்டத் தெரியாதான்னு. அப்பிடியெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு எனக்கே பாடம் தெரியும். தெரிஞ்சும் அதுக்குப் பெறவு ரோட்டுல எவனாவது கேமராவத் தூக்கிட்டு வந்தா ரெண்டு கையும் தானாக் குறுக்க வந்துருது. அம்மையோட பெரியம்மாவுக்கு இப்பிடித்தான் இருந்திருக்கும். நம்ம சாதிப் பொம்பள மார மூடக் கூடாதுன்னு இருந்த காலத்துல தோள்ச்சீல போட்டதுக்கு சந்தையில வெச்சு நாலு பேரு கிழிச்சானுவல்லா, அதுக்குப் பெறவு சாகுற வரைக்கும் ஆம்பளச் சத்தம் கேட்டா குறுக்க கையக் கட்டிக்குவான்னு அம்மை சொல்லும். அந்தச் சீலைக்காக நம்ம ஆளுக எத்தன வீடு எரியக் குடுத்தோம். அதுக்குப் பெறவு வந்த சட்டை இது. அம்மையும் விதவதானேண்ணே. அப்பா போயி பன்னண்டு வருசம், அது ஒரு நாள் சட்டையில்லாம வாசல் முத்தத்துக்கு வந்திருக்கா? விதவன்னா எப்பிடி இருப்பான்னு தெரியணும்னா உன் வீட்டுக்குள்ளயே பாத்திருக்கலாம். அம்மை ஆராதனைக்குப் போவாதது படத்தப் பாத்து வெக்கப்பட்டு இல்ல. நீ நம்புனதப் பாத்து. எனக்கு அப்பிடித்தான் தோணுது. தப்புன்னா அம்மையே சொல்லட்டும்.

பதினோரு மணி. கெழவனையும் நாயையும் உள்ள கூப்பிட்டாச்சு, எனக்குப் பின்னால வந்த சைக்கிள்காரனக்கூடக் கூப்பிட்டாச்சு. செவுத்து அலமாரியில பழைய லேன்டர்ன் எல்லாம் வருசவாரியா பைண்டு பண்ணி நிக்கி, ஒண்ண உருவி மடியில போட்டேன், செங்கல் மாரி கனம். ராஜா குதிர மேல. ராணி நாயோட. ரஷ்யாவுல பனி. எவளோ ஒரு நாடகக்காரி தொப்பியில ஒரு முழுப் பறவ. மூட்டு வலிக்கு எண்ண. ஆப்பிரிக்காவுல போயர் சண்ட, செத்தவனெல்லாம் அழகாப் படுத்திருக்கான், ஒருத்தனுக்கும் வயிறு கிழியல. பக்கத்துக்குப் பக்கம் உலகம் பூராவும் இவங்க பாக்குறதுக்காகவே நின்னு கொடுத்த மாரி இருக்கு. இன்னொண்ண உருவுனேன், அது பதினோரு வருசம் முந்தினது. பெரட்டிக்கிட்டே வாரேன், கை நின்னு போச்சு. அந்தப் படம். நம்ம மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்துச் செவுத்துல இருந்த படம். உனக்குத் தெரியும், மிஸ்ஸியம்மா படிச்சுத் தீத்த பத்திரிகையெல்லாம் போர்டிங்குக்கு வரும், நாங்க கத்திரிச்சுக் கஞ்சியத் தடவி செவுத்துல ஒட்டுவோம், சுண்ணாம்பு உதிருற எடத்த மறைக்க. அதுல நாலு பொம்பளைக, மூஞ்சியெல்லாம் கரி, கையிலயும் காலடியிலயும் கனத்த இரும்புச் சங்கிலி, ஒருத்தி மட்டும் நேராப் பாக்கா. இங்கிலீஷ் எழுத்து எங்களுக்கு என்னத்துக்குன்னு அடியில உள்ளத கத்திரிச்சுப் போட்டுட்டோம். பத்து வயசு எனக்கு, போர்டிங்ல நான்தான் பெரிய வாயி, கரித்துண்ட எடுத்து நானே எழுதுனேன்: பாவஞ்செய்து விலங்கிடப்பட்ட லண்டன் ஸ்திரீகள். எழுதுனதோட விட்டேனா? சின்னப் பிள்ளைகள வரிசையா முழங்கால்ல நிக்க வெச்சு தெனமும் அவளுகளுக்காக ஜெபம். அந்த நேராப் பாக்குறவதான் கொலகாரின்னு நானே சொன்னேன், புருசனக் கோடாலியால வெட்டினவன்னு. ஒரு பிள்ள பயந்து அழுது காய்ச்ச வந்துருச்சு. அதுவும் போதாதுன்னு பிடியரிசி. ஒல வெக்கிறதுக்கு முந்தி ஒரு பிடி அரிசிய ஆண்டவருக்குன்னு பானையில போடுவோம்லா, அதுல அரப்பிடிய லண்டன் ஜெயில் பொம்பளைகளுக்குன்னு தனியாப் பிரிச்சு ஒரு செரட்டையில சேத்து, மிஸ்ஸியம்மாகிட்ட கொண்டு குடுன்னு ஒங்கிட்டதான் தந்தேன். நீ அத என்ன செய்தன்னு இன்னைக்கு வரைக்கும் நீ சொல்லல. கோழிக்குப் போட்டிருப்ப.

இப்ப அந்தப் படம் முழுசா மடியில கெடக்கு, அடியில எழுத்தோட. சங்கிலி செய்யும் பெண்கள், ஸ்டாஃபர்ட்ஷைர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உலைக்கூடத்து வாசலில். அவ்வளவுதான். அந்தச் சங்கிலி அவளுகளக் கட்டுனது இல்ல, அவளுக அடிச்சுச் செஞ்சது. காலையிலேருந்து நெருப்புக்கு முன்னால நின்னு சம்மட்டி பிடிச்சுட்டு, கஞ்சி குடிக்க வெளிய வந்து நின்னுருக்காளுக. நேராப் பாக்குறவ கொலகாரி இல்ல, எவன்டா அவன் திங்கிற நேரத்துல படம் புடிக்கான்னு பாக்குறவ. இப்ப நல்லாத் தெரியுது, அந்தப் பார்வ எனக்குத் தெரியும், நான் காலையில மிஸ் கிரிம்ஷாவப் பாத்தது அப்பிடித்தான். பதினோரு வருசம் அவள ஜெயில்ல வெச்சிருந்தேன். செவுரு இப்பவும் இருக்கு, படம் கிழிஞ்சிருக்கும், ஆனா அங்க படிச்ச பிள்ளைக இன்னைக்கும் தம் பிள்ளைககிட்ட லண்டன்ல ஒரு கோடாலிக்காரி உண்டும்னு சொல்லிக்கிட்டிருக்கும். அவ இங்கேருந்து கப்பல் ஏறி நாகர்கோவில் வந்து போர்டிங் வாசல்ல நின்னு, எவடி அது என்னக் கொலகாரின்னு எழுதுனவன்னு கேட்டா, நான் என்ன சொல்லியிருப்பேன்? நாங்க இரக்கப்பட்டுத்தான் செய்தோம்மா, அரிசியெல்லாம் சேத்தோம்மா. அதத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு இப்ப கோவம் ரெண்டாப் பிரிஞ்சு நிக்கி, ஒரு பாதி எம்மேலயே. அதுக்காக மத்த பாதி கொறஞ்சிருச்சுன்னு நெனைக்காத. அன்னைக்கு நான் பத்து வயசுக்காரி, கையில கரித்துண்டு. இந்த எடிட்டருக்குக் கீழ மூணு மிசின் ஓடுது.

மிஸ் கிரிம்ஷா வந்தா. கையில ஒரு தாளு, கூடவே ஒரு கப்பு டீ, டீயக் கொண்டு வந்தாலே சேதி நல்லா இருக்காதுன்னு இந்த ரெண்டு வருசத்துல படிச்சுட்டேன். தாளப் பாத்து வாசிக்கா: படம் வாசகர்களின் இரக்கத்தை மிகவும் தூண்டியிருக்கிறது, யாருக்கும் அவமானம் செய்வது நோக்கமல்ல, எடிட்டர் தனிப்பட்ட முறையில் ஒரு வருத்தக் கடிதம் எழுதித் தரச் சம்மதிக்கிறார், பத்திரிகையில் திருத்தம் போடுவது வழக்கமில்லை. "தனிப்பட்ட முறையிலன்னா?" "உங்களுக்கு மட்டும் மிஸ்." "படத்த எனக்கு மட்டுமா போட்டாரு?" அவ மூக்கத் தொடச்சுக்கிட்டு, "உங்களுக்கு ரெண்டு பார்சல் வந்திருக்கு, எங்க அனுப்புறதுன்னு தெரியாம வெச்சிருக்கோம்"னா. என்ன பார்சல்? "துணி. பாத் டவுன்ல ஒரு அம்மா, லீட்ஸ்ல ஒரு சபை. படத்தப் பாத்துட்டு அனுப்பியிருக்காங்க." பிரிச்சுக் காட்டுனா. ஃபிளானல் சட்டை, அண்ணே. ஏழு சட்டை. நீளக்கை. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துது, அப்புறம் நிறுத்த முடியல, டீ கொட்டிருச்சு, அவளும் என்னன்னு தெரியாமலே சிரிக்கா. சட்டைய உரிச்சவனும் இந்த ஊரு, சட்ட அனுப்புறவளும் இந்த ஊரு. லீட்ஸ்காரி அனுப்புன சட்டையில பொத்தான் எல்லாம் கையால வேற தச்சிருக்கா, நல்ல பொம்பள, அவளத் திட்டவும் முடியல. எங்க போர்டிங் அரிசியும் இப்பிடித்தான், நல்ல அரிசி. சிரிப்பு நின்ன பெறவு கேட்டேன், "என்ன ஏன் விதவன்னு போட்டீங்க?" மிஸ் கிரிம்ஷா மூஞ்சி முழுசும் மூக்கு மாரி சிவந்துருச்சு. "நான்தான் போட்டேன் மிஸ். ஒவ்வொரு போட்டோவும் வந்த உடன அதுக்குன்னு உள்ள டிராயர்ல, அலமாரி இழுப்புல, போடணும், அது என் வேல. இந்தியாவுக்கு நாலு டிராயர் இருக்கு. மகாராஜா, பஞ்சம், புலி, விதவ. நீங்க மகாராஜா இல்ல." "பஞ்சம்?" "ஒல்லியா இல்லையே." "அப்ப?" "வெள்ளையில இருந்தீங்க. இந்தியாவுல வெள்ள உடுத்தா விதவன்னு எங்க பத்திரிகையிலதான் படிச்சேன்." ரேந்த விக்குறவளுக்கு ஒரு டிராயர், டாக்டருக்குப் படிக்கிறவளுக்கு ஒரு டிராயர் அடிச்சு வைக்க எந்த ஆசாரியும் வரல. புலியில போட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லன்னேன். அதுக்கு அவ மெதுவா, "புலி டிராயர்லயும் யாரும் திருத்தம் கேட்டு வந்ததில்ல மிஸ், நீங்கதான் மொத ஆளு"ன்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போனா.

திரும்பி வரப்ப கதவ ஒரு தடவ பாத்துட்டு, ஏப்ரனுக்குள்ளேருந்து ஒரு அட்டைய எடுத்து என் மடியில வெச்சா. "இத வெச்சு அச்சுக்கட்ட செஞ்சு முடிச்சாச்சு, இது இனி டிராயர்ல சும்மா கெடக்கும், எடத்த அடைக்குது." அசல் போட்டோ. கையளவுதான் இருக்கு. எடுத்து வெளிச்சத்துல பாத்தேன், தோளு. அதே தோளு, அதே முக்காடு. அப்ப உண்மையாவே கேமராதான் உரிச்சுதா, அண்ணன் சொன்னதுதானான்னு ஒரு நொடி உன் பக்கம் சாஞ்சேன்ணே, இத ஒளிக்க மாட்டேன். பெறவு சரிச்சுப் பிடிச்சேன். பக்கவாட்டு வெளிச்சத்துல தோளு மட்டும் மேடா இருக்கு. வழவழன்னு இருக்க வேண்டிய போட்டோவுல அந்த எடம் மட்டும் சுண்ணாம்பு பூசுன மாரி சொரசொரன்னு. "இது என்னது?" "மிஸ்டர் ஆட்லி செய்றது. மாடியில இருக்காரு, நல்ல மனுசன், கை சுத்தம். போட்டோ மங்கலா இருந்தா அச்சுல எடுபடாது, அதனால எல்லாப் போட்டோவுக்கும் தூரிகையால கொஞ்சம் பூசிக் குடுப்பாரு. சோகமா வேணும்னு சொன்னாங்க, அதான்." கொஞ்சம் பூசுவாராம். இடப்பக்கம் ஓரத்த கத்திரியால வெட்டியிருக்கு, வெட்டுன எடத்துல அந்த சீமாட்டியோட சட்டக்கை நுனி ஒரு நூலளவு ஒட்டிக்கிட்டு நிக்கி, ஜாம் தெரியல. நான் கைக்குட்டைய எடுத்தேன். கொட்டுன டீ சாசர்ல இருந்துது, நுனிய அதுல முக்கி, கண்ணு மேல ஒரு தடவ ஒத்தி எடுத்தேன். மொதல்ல சாம்பல் கலர்ல கலங்கிச்சு. ரெண்டாந்தடவ, கண்ணாடியோட வளையம். என் கண்ணாடி. மிஸ் கிரிம்ஷா மூச்ச இழுத்துக்கிட்டா. மூணாந்தடவ வலது தோளுக்குப் போனேன். மெதுவா, காயத்தக் கழுவச் சொல்லிக் குடுத்த மாரி, நடுவுலேருந்து வெளிய, அழுத்தாம. மிஸ்டர் ஆட்லியோட தோளு கரஞ்சு கைக்குட்டையில வந்துருச்சு. அடியில ஒரு பூ. அப்புறம் அடுத்த பூ. அம்மை பின்னுன ரேந்தண்ணே, கண்ணி கண்ணியா, கழுத்துக்கிட்ட ஒரு எடத்துல நூலு தீந்து முடிச்சுப் போட்டிருக்குமே, அந்த முடிச்சுகூடத் தெரியுது. இத்தன நாளும் அங்கதான் இருந்திருக்கு. எவனும் அவுக்கல. மேல பூசியிருக்கான்.

எடிட்டர் தொரைய நான் விடப் போறதில்ல, இதே தெருவுல இவனுக்கு ஆவாத பத்திரிக மூணு இருக்கு, ஒண்ணொண்ணா ஏறி எறங்கப் போறேன், அது என் பாடு. அந்தச் சங்கிலிக்காரிகளப் பத்திப் போர்டிங் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு கடுதாசி எழுதி இதோட வெக்கேன். நான் பொய் எழுதுனேன், அவுக கைதியில்ல, ஒழச்சுத் திங்கிற பொம்பளைகன்னு எம்பேரு போட்டு எழுதியிருக்கேன், அத நீ பிள்ளைகளுக்கு சத்தமா வாசிக்கணும். அது நான் சொல்ல வேண்டிய பதில், சொல்லிட்டேன். இப்ப உன் மொற. இந்தப் படத்த உனக்கு அனுப்புதேன். வலது தோள மட்டுந்தான் கழுவியிருக்கேன். இடது தோளத் தொடல, வேணும்னேதான் விட்டிருக்கேன். நீ தனியா வீட்டுக்குள்ள வெச்சுப் பாத்துட்டு, அந்தக் கையெழுத்தையும் போட்டு, சரி போட்டும்னு எனக்கு மட்டும் ஒரு கடுதாசி எழுதக் கூடாது, அந்த மாரி ஒரு கடுதாசிய இன்னைக்கு ஒருத்தன் தாரேன்னு சொல்லி நான் வேண்டாம்னுட்டு வந்திருக்கேன். நீ சபைக்கு முன்னாலதான் தலையக் குனிஞ்ச, சபைக்கு முன்னாலதான் நிமிரணும். ஞாயித்துக்கிழம அம்மையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து முன் பெஞ்சுல உக்கார வை. ஆராதன முடிஞ்சு ஒருத்தரும் எழுந்திருக்கதுக்கு முன்னால, உபதேசியார் ஞானசிகாமணி, நீ எழுந்து நில்லு. மிஸ்ஸியம்மாவும் பாக்கட்டும், ஆயாவும் பாக்கட்டும். வெரல நனச்சு அந்த இடது தோள நீயே தொடச்சு எடு. அடியில என்ன இருக்குன்னு, யாரு பின்னுனதுன்னு, அம்மை மூஞ்சியப் பாத்து, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குற மாரி வாயத் திறந்து சொல்லு.